மாமாவின் இரட்டைக்குழல், மருமகன் தோளுக்கு

தாய்மாமன் வைத்திருந்த பழைய பர்மிங்காம் இரட்டைக்குழல் துப்பாக்கி மருமகன் பெயருக்கு மாறி, அவர் தோள் அளவுக்குப் பொருந்தி, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) நிலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் போய் வந்துவிட்டது. சொந்தத்துக்குள் ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கியைக் கொடுக்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். இந்தக் காரியம் மூன்று இடத்தில் சிக்கும்: பெயரில், சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறை), கட்டையில் (தோளில் அண்டும் மரப்பகுதி). குழலைப் பளபளப்பாக்குவதில் பணத்தைக் கொட்டிவிட்டு இந்த மூன்றையும் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

துப்பாக்கி 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவு). பக்கம் பக்கமாக இரண்டு குழல், நீளம் 28 அங்குலம். பாக்ஸ்லாக் வகை; அதாவது 1875இல் ஆன்சன், டீலி இருவரும் பேடன்ட் எடுத்த அதே அமைப்பு. பாகங்கள் குறைவு, பூட்டு முழுவதும் இரும்புப் பெட்டிக்குள் மூடியிருக்கும், மழைக்கும் சேற்றுக்கும் தாங்கும். எஜெக்டர் கிடையாது, சுட்ட தோட்டாவைக் கையால்தான் எடுக்க வேண்டும். எடை 3.06 கிலோ. நம் ஊரில் செனாப்பாங் பாத்தா என்று சொல்லும் மடக்குத் துப்பாக்கிதான் இது. ரைபிள் கொடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். தீபகற்பத்தில் தனியாருக்கு வேட்டைக்கென்று ரைபிள் உரிமம் கிடைப்பது அரிது. செம்பனைக்குள் சுடும் தூரத்துக்கு அது தேவையும் இல்லை.

முதலில் பெயர்

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. மாமாவின் உரிமத்தில் மருமகன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க முடியாது. "கொஞ்ச நேரம் பிடிச்சுக்கடா" என்று தோட்டத்து வரப்பில் கொடுப்பதுகூடக் குற்றமாகிவிடும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, அதோடு ஆறுக்குக் குறையாத பிரம்படி. அன்பாகக் கொடுத்தோம் என்பது அங்கே எடுபடாது.

ஆகவே மருமகன் தன் பெயரில், தன் நிலப் பத்திரத்தையும் பயிர்ச் சேதப் படங்களையும் வைத்து, மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் விண்ணப்பித்தார். மாமா தன் பக்கத்திலிருந்து கைமாற்றச் சம்மதக் கடிதம் கொடுத்தார். விண்ணப்பத்தில் தயாரிப்பாளர், போர் அளவு, வரிசை எண் மூன்றையும் துப்பாக்கியில் பொறித்திருப்பதைப் பார்த்தே எழுதுங்கள். பழைய உரிமப் புத்தகத்திலிருந்து பார்த்து எழுத வேண்டாம். பழைய இரட்டைக்குழலில் வரிசை எண் அடி இரும்பிலும், குழலின் அடித்தட்டிலும், முன்கட்டை இரும்பிலும் இருக்கும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இந்தத் துப்பாக்கியின் பழைய புத்தகத்தில் ஒரு 3ஐ 8 என்று எழுதியிருந்தார்கள். அதைத் திருத்தி வாங்கிய பிறகுதான் விண்ணப்பம் நகர்ந்தது.

ஒப்புதல் வரும்வரை துப்பாக்கி உரிமம் பெற்ற ஆயுதக் கடையின் பெட்டகத்தில் இருந்தது. சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் உதிரிப் பாகங்களும் அடங்கும். பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். அதனால் மரக்கட்டையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. இரும்பு வேலை முழுவதையும் கடையின் மெக்கானிக் செய்தார். மர வேலை கடையின் பின்னறை மேசையில், அவர் கண்முன் நடந்தது. வாடகையாக ஒரு தொகை கேட்டார், கொடுக்கத் தகுந்ததுதான்.

சேம்பரும் குழலும்

குழலைக் கழற்றித் திருப்பினால் அடித்தட்டில் முத்திரைகள் தெரியும். பர்மிங்காம் பரிசோதனைக் கூடம் 1813இல் தொடங்கியது. அங்கே கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சோதித்துத் தேறிய குழலுக்குத்தான் முத்திரை. இதில் கிரீடத்துக்குக் கீழே பி.என்.பி. என்ற மூன்றெழுத்து இருந்தது, அது 1954க்குப் பிந்தைய நைட்ரோ முத்திரை, அதாவது புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. அதன் பக்கத்தில் .729, 2¾ அங்குலம், 3¼ டன். முதல் எண் குழலின் உள்விட்டம், இரண்டாவது சேம்பர் நீளம், மூன்றாவது சதுர அங்குலத்துக்கு அழுத்தம். 2¾ அங்குலம் என்றால் 70 மி.மீ. தோட்டா போடலாம். இதைப் படித்ததும்தான் மற்ற செலவுகளுக்குத் துணிவு வந்தது.

இதே காலத்துத் துப்பாக்கிகளில் 2½ அங்குலம், 3 டன் என்று பொறித்தவை நிறைய உண்டு. அவற்றுக்கு 65 மி.மீ. தோட்டா. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தோட்டாவின் 70 மி.மீ. என்பது சுட்டு வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். சுடாத தோட்டா, வாய் மடித்த நிலையில், 60 மி.மீ.க்குள்தான் இருக்கும். அதனால் 65 மி.மீ. சேம்பருக்குள் சுகமாக உட்காரும், துப்பாக்கியும் இடைஞ்சல் இல்லாமல் மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் சரிவுக்குள் நுழைந்து வழியை அடைக்கும், அழுத்தம் எகிறும். உள்ளே போகிறதே என்பது எதற்கும் சான்று அல்ல. முத்திரையைப் படியுங்கள், பிறகு மெக்கானிக்கிடம் சேம்பர் கேஜ் போட்டு அளக்கச் சொல்லுங்கள். முத்திரை போட்ட பிறகு யாராவது சேம்பரைக் குடைந்து நீட்டியிருக்கவும் கூடும்.

உள்விட்டம் வலது குழலில் 0.731, இடதில் 0.732 அங்குலம் வந்தது. பொறித்த அளவைவிட 0.010 அங்குலத்துக்கு மேல் அகன்றிருந்தால் முத்திரை செல்லாது. துருவை எடுக்கிறேன் என்று உள்ளே தேய்த்துத் தேய்த்து அந்த எல்லையைத் தாண்டிய குழல்கள் உண்டு. சுவர்த் தடிமன் மிக மெலிந்த இடத்தில் 0.026 அங்குலம். 0.020க்குக் கீழே போனால் அந்தத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டக்கூட யோசிக்க வேண்டும், ஏனென்றால் யாராவது ஒருநாள் எடுத்துச் சுடுவார்கள்.

கருவி இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே தெரியும் ஒளி வளையங்களைப் பாருங்கள். வளையம் எங்காவது நெளிந்தால் அங்கே நெளிசல் உண்டு. குழலைத் தனியாகக் கழற்றி, அடிக் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் கோயில் மணி மாதிரி நீண்டு ஒலிக்க வேண்டும். பொத்தென்று அடங்கினால் இரண்டு குழலையும் சேர்க்கும் ரிப்பின் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது, உள்ளே தண்ணீர் இறங்கித் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். இந்தக் குழல் நன்றாகவே ஒலித்தது.

கீல் ஆணியில் தேய்மானம் இருந்தது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியைக் கட்டையில் பிடித்து மெல்ல உலுக்கினால் டக் டக் என்று சத்தம். குழலின் பின்முகத்துக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவே சிகரெட் தாள் ஒன்று வைத்து மூடினால், இழுத்ததும் சிக்காமல் வந்துவிட்டது. ஆணியைச் சுற்றித் தகடு வைத்துத் தற்காலிகமாக இறுக்கித் தருகிறேன் என்றார் முதலில் பார்த்த மெக்கானிக். அது கொஞ்ச காலம் சத்தத்தை நிறுத்தும், பிறகு தகடு பிதுங்கி நிலைமை இன்னும் மோசமாகும். இரண்டாவது கடையில் சற்றே பருத்த புதிய ஆணி கடைந்து போட்டு, கொக்கியைப் புகைக்கரி பூசி அரம் போட்டுப் பொருத்தினார்கள். கூலி 650 வெள்ளி (ரிங்கிட்). மொத்தச் செலவில் இதுதான் பெரியது, இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

விசையின் இழுப்பை மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் பார்த்தோம்: முன்விசை 1.7 கிலோ, பின்விசை 2 கிலோ. 1.5க்குக் கீழே இருந்தால் அதிர்ச்சியில் தானே விழும் அபாயம் உண்டு. இது சரியாக இருந்ததால் தொடவே இல்லை.

எண்ணெய் குடித்த கட்டை

கட்டை வால்நட். இரும்பைப் பிடிக்கும் தலைப்பகுதி கறுத்துப் போய், மேல்வால் இரும்புக்குப் பின்னால் 40 மி.மீ. நீளத்துக்கு மயிரிழை வெடிப்பு. இதற்குக் காரணம் பல வருடப் பழக்கம்: குழலுக்குள் தாராளமாக எண்ணெய் விட்டு, வாயை மேலே பார்க்க மூலையில் சாத்தி வைப்பது. எண்ணெய் கீழே இறங்கிப் பூட்டைத் தாண்டி மரத்தில் ஊறும். எண்ணெயில் மெத்துப்போன மரம் ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, கடைசியில் பிளக்கும். துடைத்த துப்பாக்கியை வாய் கீழே இருக்கும்படி வையுங்கள், அடியில் ஒரு துணி மடித்துப் போட்டால் போதும்.

எண்ணெயை எடுக்காமல் பசை வைத்தால் ஒட்டாது. சுத்தமான கால்சியம் கார்பனேட் பொடியை அசிட்டோனில் குழைத்து, தோசை மாவு பதத்தில், வெடிப்பின் மேலும் தலைப்பகுதி முழுவதும் 5 மி.மீ. தடிப்பாக அப்ப வேண்டும். அசிட்டோன் மரத்துக்குள் நுழைந்து எண்ணெயைக் கரைக்கும். ஆவியாகும்போது அதை வெளியே இழுத்து வந்து பொடியில் விட்டுவிடும். காய்ந்த பொடி முதல் தடவை தேன் நிறமாக மாறியது. தட்டி உதிர்த்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். பொடி வெள்ளையாகவே காயும் வரை நிறுத்தக் கூடாது. கோலமாவு இதற்கு ஆகாது, அதிலுள்ள கல்தூள் மரத்தைக் கீறும். ஹேர் டிரையர் சூடு எண்ணெய் வெளிவர உதவும், ஆனால் அசிட்டோன் ஈரம் இருக்கும்போது டிரையரைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. அசிட்டோன் புகை பற்றினால் அறையே பற்றும். ஜன்னல்களைத் திறந்து வைத்து, முதலில் பொடி காயட்டும், பிறகு சூடு.

ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் 24 மணி நேர எப்பாக்சி. 5 நிமிடப் பசை தடித்தது, மயிரிழைக்குள் நுழையாது. கலந்த பசைக் கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தால் தண்ணீராக இளகும். வெடிப்பின் மேல்வாயில் பசையை விட்டு, உள்பக்கத்தில் வேக்குவம் கிளீனர் குழாயைத் துணி சுற்றி வைத்து உறிஞ்ச விட்டோம். பசை வெடிப்பு வழியாக இறங்கி மறுபக்கம் முத்து முத்தாகத் துளிர்த்ததும் குழாயை எடுத்துவிட வேண்டும். பிறகு பழைய சைக்கிள் டியூபை 2 செ.மீ. அகல நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றினோம். இரும்புக் கிளாம்ப் வளைவான இடத்தில் வழுக்கும், மரத்திலும் தடம் பதிக்கும். டியூப் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். இறுகிய பிறகு வெடிப்புக்குக் குறுக்கே, வெளியே தெரியாமல் உள்பக்கத்திலிருந்து, 2 மி.மீ. மரையிட்ட பித்தளைக் கம்பி ஒன்றைப் பசையோடு இறக்கினால் வேலை முழுமை.

தோளுக்கு அளவு

கட்டையின் நீளம் முன்விசையிலிருந்து அடிக்கட்டையின் நடுவரை அளக்கப்படும். இங்கே 13¼ அங்குலம். எப்போதோ யாரோ குள்ளமானவருக்காக அறுத்துக் குறைத்திருக்கிறார்கள். மருமகன் 5 அடி 10 அங்குலம். அவர் தூக்கியபோது வலது கைப் பெருவிரல் மூக்கில் முட்டியது. சுட்டால் அந்த விரல்தான் மூக்கை உடைக்கும். விரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு முதல் மூன்று விரற்கடை இடைவெளி வேண்டும்.

வேண்டிய நீளத்தைக் கண்டுபிடிக்க, அட்டைத் துண்டுகளை அடிக்கட்டையில் டேப் போட்டு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு தூக்கச் சொல்ல வேண்டும். கண்ணைத் திறந்ததும் குழல் நுனியிலுள்ள முன்மணி கண்ணுக்கு நேரே, ரிப்பின் நடுவில் தெரிய வேண்டும். "மாமா, இப்ப கழுத்தை நீட்ட வேண்டாம்" என்று மருமகன் சொன்ன இடம் 14½. மெல்லிய சட்டையோடு அளந்தோம். குளிர்நாட்டுக் கணக்கைப் புத்தகத்தில் பார்த்து அப்படியே வைக்கக் கூடாது, அங்கே தடித்த கோட்டு போட்டு அளப்பார்கள்.

கூட்ட வேண்டியது 1¼ அங்குலம். 1 அங்குல ரப்பர் பேட், அதற்கும் மரத்துக்கும் நடுவே ¼ அங்குலக் கறுப்பு எபனைட் தகடு. அடிக்கட்டையின் பழைய அறுப்பு சாய்வாக இருந்ததால், தட்டையான கண்ணாடிமேல் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி அதன்மேல் தேய்த்துச் சமன் செய்தோம். மேல்முனையும் கீழ்முனையும் ஒரே நேரத்தில் தாளைத் தொட வேண்டும். பேட் கட்டையைவிடப் பெரிதாக வரும். அதைக் கட்டையில் வைத்தே தேய்த்தால் வால்நட் விளிம்பு போய்விடும். வெளிக்கோட்டை ஊசியால் பேட்டில் கீறி, கழற்றி, கீறலுக்கு அரை மி.மீ. வெளியேவரை பெல்ட் சாண்டரில் தேய்த்துவிட்டு, கடைசி அரை மி.மீ.ஐ கட்டையில் மாட்டி, மரத்தில் மூன்று சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டி, கையால் முடித்தோம். ரப்பரை ஃபிரீசரில் ஓர் இரவு வைத்தால் சுத்தமாகத் தேயும், பிசிறாது.

பேட் பின்பக்கம் 110 கிராம் கூட்டியது. துப்பாக்கி முன்பு கீல் ஆணிமேல் சமநிலையில் நின்றது, இப்போது ஒரு விரற்கடை பின்னால் போயிற்று. அடிக்கட்டைக்குள் 20 மி.மீ. துளையை 90 மி.மீ. ஆழத்துக்குப் போட்டதில் கொஞ்சம் எடை குறைந்து, சமநிலை சிறிதளவு முன்னால் நகர்ந்தது.

சிவப்பு

பள்ளங்களை ஈரத் துணியும் இஸ்திரிப் பெட்டியும் தூக்கிவிடும். வெட்டுப்பட்ட இடம் மட்டும் எழும்பாது. கைப்பிடியில் உள்ள கட்டக்கோடுகளுக்குள் உப்புத்தாளே போகக் கூடாது. பல் துலக்கும் பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, ஒற்றைப்பல் செதுக்கியால் ஒவ்வொரு கோட்டையும் கூர்மையாக்குவதுதான் முறை. பொறுமையான வேலை. கோடு மழுங்கினால் மழையில் கை வழுக்கும்.

ஆங்கிலேயத் துப்பாக்கிகளின் அந்தச் செம்பழுப்பு நிறம் அல்கனெட் வேரிலிருந்து வருவது. வேரை ஆளி விதை எண்ணெயில் ஊறப்போட்டுப் பூசுவார்கள். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நாட்டுமருந்து விற்கும் கடையில் தலைக்கு எண்ணெய் காய்ச்ச வாங்கும் வேம்பாளம் பட்டை அதே வேலையைச் செய்கிறது. 50 கிராம் பட்டையைக் கையால் நொறுக்கி 250 மி.லி. எண்ணெயில் போட்டு மூடி வைத்தால் மறுநாளே எண்ணெய் ரத்தச் சிவப்பாகிவிடும். துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள், தூள் நின்றால் பூச்சில் மணல் மாதிரி உட்காரும். மரத்தில் பூசினதும் வால்நட்டின் கறுப்பு ரேகைகள் அப்படியே நிற்க, இடைப்பட்ட வெளிர்ப்பகுதி மட்டும் செம்மை ஏறியது. ரசாயனச் சாயம் ரேகையையும் சேர்த்து மூடிவிடும். இந்த வேலையிலேயே மனதுக்கு மிகவும் நிறைவு தந்த கட்டம் இதுதான்.

பூச்சு காய்வதில்தான் தடங்கல். பச்சை ஆளி எண்ணெய் பினாங்கு ஈரக்காற்றில் காயவே காயாது. முதல் பூச்சு வாரம் கடந்தும் விரலில் ஒட்டியது, அதைத் டர்பன்டைன் போட்டு முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டி வந்தது. சிவப்பு மட்டும் மரத்தில் தங்கியது, அது நல்லதாயிற்று. அடுத்து, காய்ச்சிய ஆளி எண்ணெய் என்று டின்னில் விற்கும், உலர்த்தி சேர்த்த வகையில் மூன்று பங்கு, டங் எண்ணெய் ஒரு பங்கு. விரல்நுனியில் நான்கைந்து சொட்டு எடுத்து, உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்து, 20 நிமிடம் கழித்துத் துணியால் முழுவதும் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட இடம் பிசுபிசுக்கும். காய வைக்க, மரப்பெட்டிக்குள் 40 வாட் பழைய குண்டு பல்பு. உள்ளே ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு இறங்கியதும் ஒவ்வொரு பூச்சும் இரண்டு நாளில் காய்ந்தது. இடையிடையே 600 நம்பர் தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் அந்தப் பொடியே மரத்துளைகளை அடைக்கும்.

எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும்; சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

தாளில் சுட்டுப் பார்த்தது

உரிமம் மருமகன் கைக்கு வந்ததும், தோட்டத்துக்குப் போகும் முன் உரிமம் பெற்ற சுடுகளத்தில் தாளில் சுட்டுப் பார்த்தார். வலது குழலில் சோக் (குழல் வாயின் குறுக்கம்) 0.005 அங்குலம், இடதில் 0.040. காட்டுப்பன்றிக்கு எஸ்.ஜி. தோட்டா: குண்டின் விட்டம் 8.4 மி.மீ., 32 கிராம் தோட்டாவில் ஒன்பது குண்டு.

ஒரு சின்னக் கணக்கு இங்கே உதவும். ஒரே அளவுள்ள மூன்று உருண்டைகள் ஒரு வளையத்துக்குள் பக்கம் பக்கமாக உட்கார, வளையத்தின் விட்டம் உருண்டையைப் போல் 2.155 மடங்கு வேண்டும். எஸ்.ஜி.க்கு 18.1 மி.மீ. வலது குழலின் வாய் 18.4, தாராளமாகப் போகும். இடது குழலின் வாய் 17.6தான். மூன்று குண்டு சேர்ந்து வரும்போது ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு வெளியேறும், உருக்குலைந்த குண்டு நேரே போகாது. தாளிலும் அதுதான் தெரிந்தது. 18 மீட்டரில் வலது குழல் ஒன்பதையும் 42 செ.மீ. வட்டத்துக்குள் போட்டது, நடுவில் 25 செ.மீ.க்குள் ஐந்து. இடது குழலில் சில குண்டுகள் ஒரே துளையாகக் குவிந்து, மற்றவை வட்டத்துக்கு வெளியே சிதறின. சோக் இறுக்கமாக இருந்தால் எல்லாக் குண்டும் நெருங்கி விழும் என்ற நம்பிக்கை சிறிய குண்டுக்குத்தான் பொருந்தும்.

இடது குழலுக்கு 6.8 மி.மீ. எஸ்.எஸ்.ஜி. நான்கு உருண்டைக்கு 2.414 மடங்கு, அதாவது 16.4 மி.மீ.; இடித்துக்கொள்ளாமல் போகும். தாளில் ஒழுங்கான வட்டம் விழுந்தது. இனி வலதில் எஸ்.ஜி., இடதில் எஸ்.எஸ்.ஜி. என்று முடிவானது. முன்விசை வலது குழலுக்கு என்பதால் முதல் வெடி எப்போதும் எஸ்.ஜி. மேக்னம் தோட்டா, 76 மி.மீ. தோட்டா, ஸ்டீல் குண்டு மூன்றும் இந்தத் துப்பாக்கிக்குக் கிட்டேயே வரக் கூடாது.

25 மீட்டரில் அதே வலது குழல் குண்டுகளை 60 செ.மீ.க்குப் பரப்பிவிட்டது, நடு வட்டத்தில் மூன்றுதான். மூன்று குண்டு பட்ட பன்றி ஓடிப்போய்ப் புதரில் கிடந்து சாகும். ஆகவே எல்லை 18 மீட்டர்.

தோட்டத்தில்

அந்த 18 மீட்டரைச் செம்பனையே அளந்து கொடுக்கும். 9 மீட்டர் முக்கோண நடவில் வரிசைக்குள் மரத்துக்கு மரம் 9 மீட்டர், வரிசைக்கு வரிசை 7.8 மீட்டர். நிற்கும் மரத்திலிருந்து இரண்டாவது மரம் வரை வந்தால் சுடலாம். மூன்றாவது மரத்தடியில் நின்றால் விசையைத் தொடக் கூடாது. விடியற்கால மங்கலில் தூரம் ஏமாற்றும், மர எண்ணிக்கை ஏமாற்றாது. நடவு இடைவெளி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

வேட்டைக்கு ஆயுத உரிமம் மட்டும் போதாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் கொடுக்கும் வேட்டை உரிமம் வேண்டும், பக்கத்து நிலத்துக்குள் போவதானால் அந்த நிலக்காரரின் கடிதமும் வேண்டும். உரிமத்தில் எழுதிய இடம், காலம், விலங்கு, எண்ணிக்கை எதையும் மீற முடியாது. மாமாவும் கூட வந்தார். பெயர் மாறிய பிறகு துப்பாக்கியைத் தொட அவருக்கு உரிமை இல்லை. தடம் பார்த்துச் சொன்னார், துப்பாக்கியை மருமகன் மட்டுமே சுமந்தார்.

பன்றி உதிர்ந்த செம்பனைப் பழத்துக்கும் இளங்கன்றின் குருத்துக்கும் வரும். புதிய தடமா என்று பார்க்க, குளம்படியின் விளிம்பைப் பாருங்கள்: கூர்மையாக, உள்ளே தண்ணீர் கலங்கியிருந்தால் புதியது, விளிம்பு உதிர்ந்து தண்ணீர் தெளிந்திருந்தால் பழையது. காற்று முகத்தில் படும்படி, முதுகை மரத்தில் சாய்த்து, கால்வாய்க் கரையின் உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுடும் இடமாகத் தேர்ந்தோம். எஸ்.ஜி. குண்டு 600 மீட்டருக்கு மேலும் பறக்கும், குலை வெட்டுகிறவர்கள் எந்த வரிசையில் வருவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைக்காமல் நிற்கக் கூடாது. கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு மண்ணில் புதையும். கால்வாய் தாண்டும்போதெல்லாம் துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை எடுத்துவிட வேண்டும். மடக்குத் துப்பாக்கியின் பெரிய நன்மையே இது; திறந்திருக்கிறதா என்று கூட வருகிற எல்லோருக்கும் தெரியும்.

முதல் பன்றி இரண்டாவது மரத்தருகே பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்கு நேர் மேலே, உடலின் கீழ் மூன்றிலொரு பங்கு உயரத்தில் வலது குழல். பத்தடிக்குள் விழுந்தது, இடது குழல் தேவைப்படவில்லை. வெயில் ஏறும் முன் குடலை எடுத்துவிட வேண்டும், 30 பாகை வெப்பத்தில் தாமதித்தால் தொடைக்குள் இறைச்சி கெடும். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எறியுங்கள், ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021இல் சபாவில் தலைகாட்டிப் பிறகு தீபகற்பத்துக்கும் வந்தது. அது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் காலணி மண்ணிலும் இறைச்சித் துண்டிலும் பயணப்படும். குடலை ஆழமாகப் புதைத்து, காலணியைக் கிருமிநாசினியில் கழுவிய பிறகே வீடு திரும்ப வேண்டும். தானாகச் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

செலவும் அடுத்த முறையும்

கீல் ஆணி 650, ரப்பர் பேட்டும் எபனைட் தகடும் 210, மெக்கானிக்கின் அளவெடுப்பும் மேசை வாடகையும் 300, எப்பாக்சி, அசிட்டோன், எண்ணெய்கள், தாள் எல்லாம் சேர்த்து 145, வேம்பாளம் பட்டை 6 வெள்ளி. உரிமக் கட்டணமும் தோட்டாவும் இதில் சேரவில்லை.

இன்னொரு துப்பாக்கி இப்படிக் கைமாறுவதானால் வரிசையை மாற்றுவேன். முத்திரை, சேம்பர், சுவர்த் தடிமன் மூன்றையும் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். சேம்பர் சரியில்லாத துப்பாக்கிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது வீண். பூச்சு வேலையை ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் வைத்தால் பல்புப் பெட்டி தேவைப்படாது. தோல் உறைக்குப் பதில் பஞ்சு வைத்த துணி உறை. தோல் ஈரத்தைப் பிடித்து ஒரே வாரத்தில் குழலில் பழுப்புப் புள்ளி போடும். இரும்புப் பெட்டகத்தில் 500 கிராம் சிலிக்கா ஜெல், நிறம் மாறினால் அடுப்பில் உலர்த்தி மறுபடி வைக்க வேண்டும். இடது குழலில் தோட்டாவின் பின்பக்கக் கேப்பைத் தட்டி வெடிக்க வைக்கும் தட்டூசியின் ஸ்பிரிங் பலவீனமாக இருக்கிறது. சுட்ட தோட்டாவின் கேப்பில் இடது குழலின் குழி வலதைவிட ஆழம் குறைந்து தெரிகிறது. அதை உரிமம் புதுப்பிக்கும் முன் மெக்கானிக் மாற்றித் தருவார். அதுவரை மருமகன் வலது குழலில் மட்டும் தோட்டா போடுகிறார்.